ரீயூனியன்: எரிமலை செஞ்ச தீவுக்கு ஏன் ஒருதடவையாவது லீவுக்குப் போகணும்

எர்மிதாஜ் பீச்சுல காலைல பதினோரு மணிக்கு இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டு கரையைத் திரும்பிப் பாத்தா ஒரு விசித்திரம் தெரியும். நம்ம தலைக்கு மேல சுள்ளுன்னு வெயில், ஆனா தீவோட நடுவுல மலையை மூடிக்கிட்டு கன்னங்கரேல்னு மேகம் திரண்டு நிக்குது, மணல்ல படுத்திருக்குற ஜனங்க ஒருத்தர்கூட அதை ஏறெடுத்துப் பாக்கல. முதல் நாள் நான் மழை வந்துருச்சுன்னு நினைச்சு துண்டு செருப்பெல்லாம் எடுத்து பையில வைக்க ஆரம்பிச்சேன். எங்க சித்தப்பா, காரைக்கால்ல இருந்து போயி அங்கயே செட்டிலானவர், "ஏன்டா அவசரப்படுற, அது மேலயேதான் நிக்கும், இங்க இறங்காது"ன்னார். சாயங்காலம் சூரியன் கடல்ல இறங்குற வரைக்கும் ஒரு சொட்டு விழல.

ஏன் இறங்கலன்னு அன்னிக்கு வந்த கேள்விக்கு பதில் தேடப் போயிதான் அந்தத் தீவைப் பத்தின என் நினைப்பே மாறிடுச்சு. நம்ம ஆளுங்க தீவுக்கு லீவு போறதுன்னா கடல், மணல், ரிசார்ட், அவ்வளவுதான் மனசுல வரும், எரிமலைன்னு சொன்னா "ஐயோ அங்கயா, பயமா இல்லையா"ன்னு கேப்பாங்க. ஆனா ரீயூனியன்ல அந்த வெயில் எங்க அடிக்குது, மழை எங்க பெய்யுது, மணல் எங்க வெள்ளை எங்க கறுப்பு, என்ன பயிர் விளையுது, ஏன் அங்க மார்க்கெட்ல முருங்கைக்கீரை கிடைக்குது, இது அத்தனைக்கும் பின்னாடி அந்த எரிமலைதான் இருக்கு. அதை விட்டுட்டு பீச்சை மட்டும் பாத்துட்டு வர்றது கல்யாண வீட்டுக்குப் போயி பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்காம பந்தில மட்டும் உக்காந்துட்டு வர்ற மாதிரி.

முதல்ல இடம் எங்கன்னு சொல்லிடுறேன். மடகாஸ்கருக்கு கிழக்க சுமார் 700 கிலோமீட்டர், மொரீஷியஸுக்கு தென்மேற்குல 200 கிலோமீட்டருக்குள்ள. பிரான்ஸோட ஒரு மாவட்டம் மாதிரி அது, ஓட்டுல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் பிரான்ஸ் சட்டம், காசு யூரோ. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒண்ணரை மடங்குன்னு வச்சுக்கங்க, அவ்வளவுதான். அந்த ஒண்ணரை கன்னியாகுமரிக்குள்ள 3,070 மீட்டர் உயரத்துல பிட்டோன் தெ நேய்ஜ்னு ஒரு சிகரம் நிக்குது, இந்தியப் பெருங்கடல் தீவுகள்ல இதுக்கு மேல உயரம் எதுவும் இல்ல. அது பல ஆயிரம் வருஷமா அடங்கிப் போன பழைய எரிமலை. தென்கிழக்குல இன்னொண்ணு, பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம தொட்டபெட்டா உயரம், அது மட்டும் இன்னும் நெருப்போட இருக்கு, உலகத்துலயே அடிக்கடி பொங்குற எரிமலைகள்ல ஒண்ணு. ஊட்டி மலையைத் தூக்கி நடுக்கடல்ல வச்சு, சுத்தி அம்பது கிலோமீட்டருக்குள்ள எல்லாப் பக்கமும் கடற்கரைன்னு நினைச்சுப் பாருங்க, காலைல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மேகத்துக்கு மேல நின்னுட்டு மத்தியானம் கடல்ல குளிக்கலாம்.

சரி, அந்த மேகத்துக்கு வருவோம். வருஷத்துல பெரும்பாலும் அங்க தென்கிழக்குல இருந்து காற்று அடிச்சுக்கிட்டே இருக்கும், பழைய காலத்துல பாய்மரக் கப்பல்காரங்க நம்பி ஓட்டின அதே வியாபாரக் காற்று. ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வர்ற அந்தக் காத்து இந்த மலை மேல மோதி மேல ஏறும், ஏறினா குளிரும், குளிர்ந்தா மழையா கொட்டிடும், மலையைத் தாண்டி மேற்குப் பக்கம் இறங்குறப்ப அதுல ஈரம் மிச்சம் இருக்காது. நமக்கு இது புதுசு இல்ல, தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவை நனைச்சுட்டு இந்தப் பக்கம் திருநெல்வேலிக்கு வெறும் காத்தா வர்ற அதே கதைதான். வித்தியாசம் என்னன்னா இங்க அது ஒரு மணி நேர கார் பயண தூரத்துக்குள்ள நடக்குது. கிழக்குல மலைச்சரிவு சில இடங்கள்ல வருஷத்துக்கு பத்து மீட்டர் மழை, மேற்குல சேன் ஜில் பக்கம் ஒரு மீட்டர் கூட கிடையாது. அங்க ஜனங்க தீவையே அப்படித்தான் பிரிச்சுப் பேசுவாங்க, காத்துப் பக்கம், காத்து மறைவுப் பக்கம்னு.

நான் பாத்த மேகம் கொஞ்சம் வேற. பகல்ல வெயில் மலைச்சரிவைச் சூடாக்கும், சூடான காத்து மேல ஏறும், அந்த இடத்தை நிரப்ப கடல்ல இருந்து காத்து சரிவு வழியா மேல போகும், நடுமலை உயரத்துல போயி மேகமா மாறும். காலைல ஏழு மணிக்கு மலை பளிச்சுன்னு கண்ணாடி மாதிரி தெரியும், பத்து பதினோரு மணிக்கு மூடிடும், கடற்கரை மட்டும் அப்படியே வெயில்ல இருக்கும். அதனாலதான் அங்க உள்ளவங்க மலை ஏறணும்னா விடியுறதுக்கு முன்னாடி கிளம்பிடுவாங்க, மத்தியானத்தை பீச்சுக்கு வச்சுக்குவாங்க. இது தெரியாம ஒன்பது மணிக்கு ஓட்டல்ல சாவகாசமா சாப்ட்டுட்டு கிளம்பி மேல போயி வெள்ளையா மேகத்தை மட்டும் பாத்துட்டு ஏமாந்து திரும்புறவங்களை நான் நிறைய பாத்தேன், பாவமா இருக்கும்.

இந்த மலை புயலைப் பிடிச்சா என்ன ஆகும்னும் சொல்லணும். ஒரு நாள்ல, 24 மணி நேரத்துல, உலகத்துலயே அதிக மழை பதிவானது இந்தத் தீவுலதான், 1966 ஜனவரில ஃபோக் ஃபோக்ன்ற இடத்துல 1,825 மில்லிமீட்டர். 2007ல காமேத் புயல் வந்தப்போ கொமேர்சோன் எரிமலைவாய் பக்கம் மூணு நாள்ல 3,900 மில்லிமீட்டரைத் தாண்டிச்சு. சென்னைக்கு வருஷம் முழுக்க பெய்யுறது ஏறக்குறைய 1,400. அவ்வளவு தண்ணி ஒரு பக்கம், வறட்சி இன்னொரு பக்கம்னு இருந்ததால மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டு கிழக்குத் தண்ணியை மேற்குக்குக் கொண்டுவந்தாங்க, பல வருஷம் பிடிச்ச வேலை அது. இன்னிக்கு மேற்குக் கரையில வெயில்ல படுத்திருக்குறவன் குடிக்கிற தண்ணி, பின்னாடி வயல்ல நிக்கிற கரும்புக்குப் பாயுற தண்ணி, அதுல ஒரு பங்கு அந்தப் பக்கத்து மழைதான்.

இப்ப தீவு எப்படி வந்துச்சுன்ற கதை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. பூமிக்கு அடியில சில இடங்கள்ல ஆழத்துல இருந்து சூடு தொடர்ந்து மேல வந்துக்கிட்டே இருக்கும், ஹாட்ஸ்பாட்னு சொல்வாங்க. அடுப்பு ஒரே இடத்துல இருக்கு, மேல இருக்குற தட்டு, அதாவது பூமியோட மேலோடு, மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்குன்னு வச்சுக்கங்க. அடுப்புக்கு நேர் மேல எந்த இடம் இருக்கோ அங்க ஓட்டை விழுந்து எரிமலை முளைக்கும், அது நகர்ந்து போனதும் அடுத்தது முளைக்கும். இப்ப ரீயூனியனுக்குக் கீழ இருக்குற இந்த அடுப்பு மேல சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தது என்ன தெரியுமா, நம்ம இந்தியா! வடக்க நகர்ந்து போயிக்கிட்டிருந்த இந்தியா அந்த அடுப்பு மேல வந்தப்போதான் தக்காணம் முழுக்க எரிமலைக் குழம்பு பாய்ஞ்சு அடுக்கடுக்கா உறைஞ்சுது, புனேல இருந்து மும்பை போற வழியில படிக்கட்டு மாதிரி நிக்கிற கறுப்பு மலைங்க எல்லாம் அதுதான், எல்லோரா குகைங்களைக் குடைஞ்சதும் அந்தப் பாறையிலதான். அப்புறம் அதே அடுப்புதான் மாலத்தீவுக்கு அடியில இருக்குற எரிமலைத் தொடரை உண்டாக்குச்சு, சாகோஸ், அப்புறம் மொரீஷியஸ், கடைசியா ரீயூனியன். கடலுக்கு வெளிய தலை காட்டி ரெண்டு மூணு மில்லியன் வருஷம்தான் ஆகுது, பூமிக் கணக்குல கைக்குழந்தை.

லீவுக்கு எந்தத் தீவுக்குப் போகலாம்னு யோசிக்கிறவங்களுக்கு இந்த வயசுக் கணக்கு ரொம்ப உபயோகம். எரிமலைத் தீவு பொறந்தப்போ உயரமா, செங்குத்தா இருக்கும், கரையில பவளம் இன்னும் சரியா வளர்ந்திருக்காது. வயசாக ஆக மழையும் ஆறும் அரிச்சு மலை தாழும், தீவே தன் எடையில மெதுவா கடலுக்குள்ள இறங்கும், சுத்தி பவளத்திட்டு பெருசாகும். மொரீஷியஸ் அந்த நடுவயசு, அதான் அங்க மலை குட்டையா இருக்கு, சுத்தி லகூன், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவுல இருக்குற ஆழமில்லாத தண்ணி, அகலமா இருக்கு. ரொம்ப வயசானதும் எரிமலை முழுசா முங்கிப் போயி மேல பவள வளையம் மட்டும் மிஞ்சும், அதான் மாலத்தீவு. சார்ல்ஸ் டார்வின் பவளத்தீவுங்க இப்படித்தான் உண்டாகுதுன்னு பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே சொல்லிட்டார். ஆக மாலத்தீவுல தேனிலவுக்குப் போறவங்க படுத்திருக்கிறது ஒரு மூழ்கிப்போன எரிமலைக்கு மேலதான். பீச் மட்டும் போதும்னா தாராளமா அங்க போங்க, நான் தடுக்கல. ஆனா மலையும் கடலும் நெருப்பும் ஒண்ணா வேணும்னா தீவுக்கு சின்ன வயசு இருக்கணும், இந்தக் குடும்பத்துல ரீயூனியனுக்கு மட்டும்தான் இப்ப அந்த வயசு.

அதே காரணத்தாலதான் ரீயூனியன்ல பீச் கம்மி, இதை மறைக்காம சொல்லிடணும். பவளத்திட்டு மேற்குலயும் தென்மேற்குலயும் கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கு, ஏன்னா பவளத்துக்குத் தெளிஞ்ச தண்ணி வேணும், சேறு வந்து விழக்கூடாது, மழை கம்மியா பெய்யுற பக்கத்துலதான் அது பிழைக்கும். எர்மிதாஜ், லா சலீன் பக்கம் அந்தப் பவளம் உடைஞ்சு பொடியானதுதான் வெள்ளை மணல், கரை ஓரம் வரிசையா சவுக்கு மரம், காரைக்கால் பீச்சு ஞாபகம்தான் வரும் எங்க ஊர்க்காரங்களுக்கு. லேதான் சாலே பக்கம் போனா மணல் கறுப்பு, எரிமலைப் பாறைப் பொடி, மத்தியானம் வெறுங்கால்ல நடக்க முடியாது, அவ்வளவு சூடு பிடிச்சு வச்சிருக்கும். தென்கிழக்குல த்ரம்ப்ளேன்ற இடத்துல 2007ல குழம்பு கடல்ல விழுந்து உண்டான கரை இருக்கு, அந்தக் கறுப்பு மணலைக் கையில அள்ளி வெயில்ல காட்டினா நடுநடுவுல பச்சைப் பச்சையா சின்ன மணிங்க மின்னும், ஒலிவின்ற கனிமம் அது, ஆழத்துல இருந்து குழம்போட மேல வந்தது. அந்தக் கரையோட வயசு என் அக்கா பையனைவிடக் கம்மி.

சுறா விஷயமும் சொல்லாம விடக்கூடாது. 2011ல இருந்து அங்க வரிசையா சுறா தாக்கி உயிர் போச்சு, சர்ஃபிங் பண்றவங்கதான் அதிகம். 2013ல இருந்து லகூனுக்குள்ளயும் பாதுகாப்பு போட்ட இடத்துலயும் தவிர கடல்ல இறங்கக் கூடாதுன்னு அரசு உத்தரவு போட்டாங்க. போர்டு வச்சிருக்கும், அதை மதிச்சே ஆகணும். லகூனுக்குள்ள பவளத்திட்டு அலையைத் தடுத்துடுது, இடுப்பளவு தண்ணி, குழந்தைங்களை நம்பி விடலாம், கண்ணாடி போட்டுக் குனிஞ்சா காலடியில மீன் மேயுறது தெரியும். பவளத்து மேல கால் வைக்காதீங்க, 2007ல இருந்து அது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி.

சரி எரிமலைக்குப் போறதுல பயம் இல்லையான்னா, இருக்குற எரிமலை எல்லாம் ஒரே ஜாதி இல்ல. சிலதுல குழம்பு கெட்டியா இருக்கும், வாயு உள்ளயே அடைபட்டு குக்கர் வெடிக்கிற மாதிரி ஒருநாள் வெடிக்கும், அதான் ஊரை அழிக்கிற வகை. ஃபூர்னேஸ்ல வர்றது தண்ணியான குழம்பு, வாயு சுலபமா வெளியேறிடும், அது பெரும்பாலும் வெடிக்காம பால் பொங்குற மாதிரி பொங்கி வழியும். இன்னொரு நல்ல விஷயம், பெரும்பாலும் அது பொங்குறது ஆன்க்ளோன்ற பெரிய பள்ளத்துக்குள்ள, மூணு பக்கமும் செங்குத்துச் சுவர், நாலாவது பக்கம் கடலைப் பாத்து திறந்திருக்கு. குழம்பு அந்தத் திறப்பு வழியா கிரான் ப்ரூலேன்ற சரிவுல இறங்கிக் கடலுக்குப் போகும், அங்க வீடு கிடையாது, ஒரே ஒரு ரோடு குறுக்க போகுது, ரோடை அப்பப்ப குழம்பு மூடும், அவங்களும் திரும்பத் திரும்ப அதுக்கு மேல ரோடு போடுவாங்க.

எப்பவும் அப்படியே நடந்துச்சான்னா இல்ல. 1977 ஏப்ரல்ல பள்ளத்துக்கு வெளிய, பிட்டோன் சேன்த் ரோஸ் ஊருக்கு மேல, விரிசல் விட்டுக் குழம்பு ஊருக்குள்ள வந்துடுச்சு. வீடுங்க போச்சு, ஜனங்க முன்கூட்டியே வெளியேறினதால உயிர் போகல. அங்க ஒரு சர்ச்சு, குழம்பு நேரா அதோட வாசல் வரைக்கும் வந்து, கொஞ்சம் உள்ளயும் நுழைஞ்சு, ரெண்டு பக்கமும் பிரிஞ்சு சுத்திக்கிட்டுப் போயிடுச்சு, கட்டடம் நிக்குது. இப்ப அது பேரு நோத்ர் தாம் தே லாவ், குழம்பு மாதான்னு சொல்லலாம். நான் போனப்போ அந்த வாசல் பக்கம் உறைஞ்சு கிடக்குற பாறையைத் தொட்டுப் பாத்தேன், கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கினா மேல மடிப்பு மடிப்பா ஒரு தோல் விழும் பாருங்க, அதே மடிப்பு அப்படியே கல்லா நிக்குது. ஓரத்துல ஒரு வெடிப்புக்குள்ள மண்ணே இல்லாத இடத்துல ஒரு பெரணிச் செடி முளைச்சிருந்துச்சு, பக்கத்துல ஒரு பாட்டி மெழுகுவர்த்தி ஏத்தி வச்சுட்டு அந்தப் பாறைக்கும் ஒரு கும்புடு போட்டுட்டுப் போனாங்க.

அந்த 1977க்கு அப்புறம்தான் அங்க எரிமலைக் கண்காணிப்பு நிலையம் வந்துச்சு, பூர் முராவுல இருக்கு. பொங்குறதுக்கு முன்னாடி மலை லேசா உப்பும், உள்ள சின்னச் சின்ன அதிர்வு வரும், இதையெல்லாம் கருவி வச்சு ராப்பகலா பாத்துக்கிட்டே இருக்காங்க. அறிகுறி வந்த உடனே உள்ள போற பாதையோட கேட்டைப் பூட்டிடுவாங்க. சராசரியா பாத்தா வருஷத்துக்கு ஒருதடவைக்குக் குறையாம அது பொங்குது, சில வருஷம் ரெண்டு மூணு தடவை, நடுவுல சில வருஷம் சத்தமே இல்லாமலும் போயிருக்கு. 2007ல பெருசா பொங்கி முடிச்சப்போ உள்ள காலியானதால உச்சியில இருக்குற தொலோமியூ வாய் முந்நூறு மீட்டருக்கு மேல உள்வாங்கிருச்சு, ஈஃபில் கோபுரத்தை உள்ள நிறுத்தலாம்.

பொங்காத நாள்லயும் போகலாம், போகணும். நாங்க விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்பினோம். மாட்டுப் பண்ணை, புல்வெளி, பனி, ஐரோப்பா கிராமம் மாதிரி இருக்குற இடத்தைத் தாண்டி ரோடு திடீர்னு வளைஞ்சு ப்ளேன் தே சாப்ல்ன்ற சமவெளில இறங்குது, ஒரு மரம் கிடையாது, பறவைச் சத்தம் கிடையாது, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் துருப்பிடிச்ச செவப்பும் கறுப்பும். அங்கிருந்து பா தெ பெல்கோம்ப், 2,311 மீட்டர், பள்ளத்தோட விளிம்பு. கீழ எட்டிப் பாத்தா ஒரு பெரிய கறுப்புத் தரை, நடுவுல எரிமலை, காலடியில ஃபோர்மிகா லியோன்னு செக்கச்செவேல்னு சின்னக் கும்பம், பின்னாடி கடலுக்கு மேல பஞ்சுப்பொதி விரிச்ச மாதிரி மேகக் கூட்டம், நாம அதுக்கு மேல நிக்குறோம். விளிம்புல இருந்து அஞ்சாறு நூறு படி இறங்கினா பள்ளத்துத் தரை, அங்கிருந்து பாறையில வெள்ளை பெயின்ட் புள்ளி வச்சிருப்பாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டே நடக்கணும், மேகம் இறங்கிட்டா அந்தப் புள்ளிதான் வழி. உச்சிக்குப் போயிட்டு வர அஞ்சு மணி நேரம் ஆகும். என் சித்தி பொண்ணு கையில ஒரு கல்லை எடுத்துக் குடுத்தா, செங்கல் சைஸ், தூக்கினா அப்பளக்கட்டு மாதிரி எடையே இல்ல, உள்ள முழுக்க ஓட்டை ஓட்டையா வாயு போன தடம், பாத்துட்டு எடுத்த இடத்துலயே வச்சுட்டோம்.

பழைய எரிமலை பக்கம் கதை வேற. பிட்டோன் தெ நேய்ஜைச் சுத்தி மழையும் சரிவும் சேந்து மூணு பெரிய கிண்ணத்தைக் குடைஞ்சு வச்சிருக்கு, சிலாவோஸ், சலாசி, மாஃபாத். சிலாவோஸுக்குப் போற ரோட்டுல நானூறு வளைவுன்னு சொல்லுவாங்க, கொல்லிமலை ஏறினவங்களுக்கு வயிறு பழகியிருக்கும். அங்க வெந்நீர் ஊற்று இருக்கு, அடங்கிப்போன எரிமலையோட மிச்சச் சூடு, அவங்க விளைவிக்கிற சின்ன மைசூர்ப் பருப்பு மாதிரி ஒரு பருப்பும் பேர்போனது. மாஃபாத்துக்கு ரோடே கிடையாது, சில நூறு பேர் உள்ள குடியிருக்காங்க, சாமான் எல்லாம் ஹெலிகாப்டர்ல இறங்குது, மத்தபடி நடந்துதான் போகணும். அடிமைத்தனத்துல இருந்து தப்பி ஓடினவங்க ஒளிஞ்சு வாழ்ந்த இடம் அது, அந்தப் பேரே அப்படித் தப்பி ஓடின ஒருத்தரோட பேர்தான். நடக்க முடியாதவங்க மேற்குக் கரையில இருந்து கார்லயே மாய்தோ விளிம்புக்குப் போயி மேல இருந்து பாக்கலாம், அதுவும் காலைல மட்டும். இந்தச் சிகரங்களையும் கிண்ணங்களையும் 2010ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க, தீவோட நாப்பது சதவீதத்துக்கு மேல தேசியப் பூங்கா.

இனி மனுஷங்க. எரிமலை மண்ணு, வெயில், மழை மூணும் சேந்தா கரும்பு பிரமாதமா வரும், கரும்புக்கு ஆள் வேணும், அந்த ஆளை அடிமையா ஆப்பிரிக்காவுல இருந்தும் மடகாஸ்கர்ல இருந்தும் கொண்டுவந்தாங்க. 1848 டிசம்பர் 20ல அடிமைமுறை ஒழிஞ்சுது, அந்தத் தேதி இன்னிக்கும் அங்க பெரிய திருவிழா. அதுக்கப்புறம் தோட்டக்காரங்க ஒப்பந்தக் கூலிக்கு ஆள் தேடினது நம்ம கரையில, பாண்டிச்சேரி, காரைக்கால், மெட்ராஸ் பக்கம். ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்க கப்பல் ஏறினாங்க, பெரும்பாலும் தமிழங்க, 1882ல பிரிட்டிஷ் அரசு நிறுத்துற வரைக்கும் அது நடந்துச்சு. கப்பல்ல இருந்து இறக்கி நோய் இருக்கான்னு பாக்க அடைச்சு வச்ச கட்டடங்க கிரான்த் ஷலூப்புல இன்னும் இருக்கு, லீவுக்குப் போற தமிழர் யாரா இருந்தாலும் பீச்சு ஒரு நாள் குறைஞ்சாலும் பரவாயில்ல, அங்க ஒரு மணி நேரம் நின்னுட்டு வரணும்னு நான் நினைக்கிறேன். எனக்கு அங்க பேச்சே வரல.

அவங்க வம்சத்தை அங்க மலபார்னு சொல்றாங்க. தமிழ் பேச்சு பெரும்பாலும் போச்சு, வீட்டுல பிரெஞ்சுல இருந்து உருவான க்ரியோல் பேச்சு, பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு, ஆனா பேர்ல ராமசாமி இருக்கு, கோயில்ல தமிழ்ப் பாட்டு இருக்கு, அர்த்தம் தெரியாம பிரெஞ்சு எழுத்துல எழுதி வச்சுப் பாடுறவங்களும் இருக்காங்க. பாஞ்சாலி அம்மனை பந்தியாலேன்னு சொல்லித் தீமிதி நடத்துறாங்க, சேன் ஆந்த்ரேல தீபாவளி ஊர்வலம் ரோடு அடைச்சுப் போகும்.

சாப்பாட்டுல மட்டும் நம்ம வார்த்தை சாகவே இல்ல. சேன் போல் மார்க்கெட் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை காலைலயும் கடல் ஓரம் போடுவாங்க, அங்க ஒரு கிழவி கீரைக்கட்டை நீட்டி "ப்ரேத் முரும்"னாங்க, பாத்தா முருங்கைக்கீரை. பக்கத்துல சின்னக் கட்டா கறிவேப்பிலை, கேட்டா "கலுபிலே". பீர்க்கங்காய்க்கு பிபங்காய்ன்றாங்க. மசாலா "மசாலே", அதுல ஆட்டுக்கறி போட்டது கல்யாண விருந்துச் சாப்பாடு. எங்க சித்தப்பா என்கிட்ட தமிழ்ல "கறிவேப்பிலை வாங்கு"ன்னு சொன்னதைக் கேட்டு அந்தக் கிழவி நிமிர்ந்து பாத்து, அந்த ஒரு வார்த்தையை மெதுவா திருப்பிச் சொல்லிப் பாத்தாங்க, "கறி... வேப்பிலே"ன்னு, சிரிச்சுட்டு ஒரு கட்டு சும்மா குடுத்தாங்க.

வனிலாவும் அங்க பாக்க வேண்டியது. மெக்சிகோ செடி அது, அங்க அதுக்கு மகரந்தம் சேக்குற பூச்சி இந்தத் தீவுல கிடையாது, அதனால செடி பூத்தாலும் காய்க்கல. 1841ல எத்மோன் அல்பியுஸ்ன்ற பன்னெண்டு வயசு அடிமைப் பையன் ஒரு சின்னக் குச்சியையும் கட்டைவிரலையும் வச்சுப் பூவுக்குள்ள மகரந்தம் சேக்குற வழியைக் கண்டுபிடிச்சான். இன்னிக்கும் உலகம் பூரா வனிலாத் தோட்டத்துல அதே கைவேலைதான். கண்டுபிடிச்ச பையன் பெரியவனாகி வறுமையில செத்துப்போனான், இதை நினைச்சா வனிலா ஐஸ்க்ரீம் தொண்டையில இறங்க மாட்டேங்குது.

போகணும்னு முடிவு பண்ணா மே மாசத்துல இருந்து நவம்பர் வரைக்கும் நல்ல காலம், மழை கம்மி, மேற்குக் கரையில இதமான வெயில், ஜூன் ஜூலைல இருந்து செப்டம்பர் வாக்குல கூனல் திமிங்கிலம் குட்டி போட வரும், கரையில இருந்தே சில நாள் தெரியும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் புழுக்கம், புயல் காலம், 2025 பிப்ரவரி கடைசில கரான்ஸ் புயல் அடிச்சு உயிர்சேதம் ஆச்சு, அதனால அப்ப வேண்டாம். கொசு மருந்து கண்டிப்பா எடுத்துக்கங்க, 2005, 2006ல அங்க சிக்குன்குனியா மூணுல ஒருத்தரைப் படுக்க வச்சுது, 2025லயும் பெருசா வந்துச்சு. செலவு ஜாஸ்திதான், பிரான்ஸ் விலை, ஆனா கீத்னு சொல்ற சின்ன வீடு எடுத்து மார்க்கெட்ல வாங்கிச் சமைச்சா பாதி குறையும். ஷெங்கன் எல்லைக்குள்ள அது வராது, ஐரோப்பா விசா கையில இருக்குன்னு நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க, தனியா கேட்டுக்கங்க. வாடகைக் கார் இல்லாம மலைப் பக்கம் போறது கஷ்டம், வண்டி வலது பக்கம் ஓட்டணும்.

நீங்க அங்க இருக்குறப்போ ஃபூர்னேஸ் பொங்கினா பெரிய பாக்கியம். கேட்டு மூடியிருக்கும், அரசு அறிவிப்புல எந்த விளிம்பு வரைக்கும் விடுறாங்கன்னு பாத்துட்டு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்புங்க, ஏன்னா பாதி ஊரே உங்களுக்கு முன்னாடி கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருக்கும். டார்ச், தண்ணி, மழைக்கோட்டு, ஸ்வெட்டர் ரெண்டு. கீழ பீச்சுல இருபத்தஞ்சு டிகிரி இருக்கும், மேல ஆகஸ்ட்ல புல்லு மேல பனி உறைஞ்சு கிடக்கும்.